காசல்ரீ கரையில் கூடாரம்: போய்வந்த அனுபவம்

கனடாவிலிருந்து ஊருக்குப் போனால் விடுமுறை முழுவதும் கலியாண வீடு, கோயில், விருந்து என்றே ஓடிவிடும். இந்த முறை யாழ்ப்பாணத்தில் எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு, கொஞ்ச நாளை எங்கள் இருவருக்கும் என்று ஒதுக்கினோம். மனைவிக்கு மலையகம் பார்க்க வேண்டும், எனக்குத் தண்ணீர் வேண்டும். ஹட்டனிலிருந்து டிக்கோயா தாண்டி நோர்வூட் போகும் வழியில் இருக்கும் காசல்ரீ நீர்த்தேக்கம் இரண்டுக்கும் பொருந்தி வந்தது. கெஹெல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்து 1965இல் கட்டிய அணை அது. சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள்.

பதிவு செய்வதில்தான் முதல் சிக்கல். கொழும்பில் ஒரு முகவரிடம் கேட்டோம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றதும் டொலரில் விலை சொன்னார். அதில் என்னென்ன அடங்கும் என்று கேட்டால் "எல்லாம் இருக்கு சேர்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிறகு கரையில் கூடார முகாமை நடத்துபவரின் இலக்கத்தைத் தேடி எடுத்து நேரே பேசினோம். கூடாரம், மெத்தை, கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு), இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினார். விலை ஏறக்குறையப் பாதிக்கு வந்தது. ஊருக்கு வரும் எங்கள் ஆட்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: இடத்துக்காரரிடமே பேசுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக வான் வண்டியில் போனோம். கித்துல்கலவில் இறங்கி களனி ஆற்றில் ராஃப்டிங் (ரப்பர் படகுச் சவாரி) செய்யாமல் போக மனம் வரவில்லை. படகில் ஏற முதல் வழிகாட்டி ஒவ்வொருவரின் தலைக்கவச வாரையும் தானே இழுத்துப் பார்த்தார். என் மிதவை அங்கி தளர்வாக இருக்கிறது என்று கழற்றச் சொல்லி வேறொன்று தந்தார். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. காசல்ரீயில் தேங்கும் தண்ணீர் விமலசுரேந்திர மின்னிலையம், நோட்டன், லக்ஷபான என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் இந்த ஆற்றுக்குத்தான் வந்து சேர்கிறது. மேலே தண்ணீர் விடுவதைப் பொறுத்து ஆற்றின் வேகமும் மாறும். ஆகவே எத்தனை மணிக்கு வந்தால் நல்லது என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

முகாம் தேயிலைச் சரிவுக்குக் கீழே, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஒரு புல்தரை. கூடாரத்துக்கு மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மெத்தை சுத்தம். கம்பளி இரண்டு தந்தார்கள், இரண்டும் தேவைப்பட்டன. இரவில் சரியான குளிர். கழிவறை மேலே தனிக் கட்டடம். குளிக்க விறகடுப்பில் காய்ச்சிய சுடுதண்ணீர் வாளியில் வரும். குறை ஒன்றுதான்: கழிவறைக்குப் போகும் படிகளில் வெளிச்சமே இல்லை. காலையில் சொன்னோம், அன்று பின்னேரமே சோலர் விளக்கு கட்டிவிட்டார்கள். அட்டைக்கடி பற்றிப் பலர் பயம் காட்டியிருந்தார்கள். வெயில் காலம் என்பதாலோ என்னவோ ஒன்றும் கடிக்கவில்லை.

காலையில் காற்று எழும்ப முதல் கயாக்கில் இறங்க வேண்டும். அப்போது தண்ணீர் அசையாமல் கிடக்கும், துடுப்புப் போடுவதும் சுலபம். டிக்கோயாப் பக்கக் கரையில் வார்லி தேவாலயம் இருக்கிறது, 1878இல் கட்டியது. கரையோரம் துடுப்புப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஓட்டோவில் அங்கேயே போய் இறங்கினோம். கல்லறைகளில் பழைய ஆங்கிலத் தோட்டக்காரர்களின் பெயர்கள். இந்த மலைகளைத் தேயிலையாக்கி இங்கேயே மண்ணான எங்கள் சனத்துக்கு அப்படிப் பெயர் எழுதிய கல் எத்தனை பேருக்கு இருக்கும் என்ற எண்ணம் திரும்பி வரும்வரை மனதை விட்டுப் போகவில்லை.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டியலில் இருந்தது பார்பிக்யூ கோழியும் நூடில்ஸும். அதை டொரொண்டோவிலேயே சாப்பிடலாம். முகாமில் உதவிக்கு நின்ற தம்பியிடம் வேறு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டோம். அவர் தயங்கித் தயங்கி, "அண்ணி, நாங்க சாப்பிடுறத நீங்க சாப்பிடுவீங்களா?" என்றார். "அதைத்தான் தேடி வந்தனாங்கள்" என்றாள் மனைவி.

மேலே லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, அவருடைய சித்தி வந்தார். காய்ந்த தேயிலைக் கட்டைகளை அடுக்கி அடுப்பை மூட்டினார். அந்த விறகு புகை குறைவு, தணல் நீண்ட நேரம் நிற்கும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டு, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டித் தட்டியே வட்டமாக்கி இரும்புத் தட்டில் போட்டார். ஓரம் கருகத் தொடங்கும்போது புரட்டினார். ஒரு பக்கம் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு சேர்த்து அம்மியில் அரைத்த கட்டச்சம்பல். இன்னொரு பக்கம் ஏரியில் பிடித்த திலாப்பியா, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தது. ரொட்டியைச் சுடச்சுடப் பிய்த்துச் சம்பலைத் தொட்டு வாயில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் கை நிற்காது. அப்புறம் இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்டீ. இந்தப் பயணத்தில் நாங்கள் சாப்பிட்ட எந்த ஹோட்டல் சாப்பாடும் இதற்குப் பக்கத்தில் வராது.

சமையலுக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு அந்தச் சித்தி வேண்டாம் என்றே நின்றார். விடவில்லை, கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாயானது. முகவரைத் தவிர்த்து மிச்சம் பிடித்த காசு எத்தனை நாள் கொழுந்து பறித்த கூலி என்று மனைவி கணக்குப் பார்த்துச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இப்படிச் சமைத்துத் தருகிறவர்களின் பங்கு முகாம் கட்டணத்திலேயே தனியாகக் காட்டப்பட வேண்டும். அதை நடத்துபவரிடமும் சொன்னோம்; மறுக்கவில்லை.

போக நினைப்பவர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கூடாரம் சரிவராது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சிவனொளிபாதமலை யாத்திரையும் நடக்கும். போயா (பௌர்ணமி) நாட்களில் ஹட்டன் வீதி நிரம்பி வழியும், அந்த நாட்களைத் தவிர்க்கலாம். வெயில் கூடக்கூட நீர்மட்டம் இறங்கிக் கரை சேறாகிவிடும், குளிக்க எங்கே இறங்கலாம் என்று அங்குள்ளவர்களைக் கேட்டே இறங்குங்கள். ரொட்டியும் சம்பலும் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். தேங்காயும் மாசியும் வாங்க அவர்கள் நோர்வூட் வரை போய்வர வேண்டும்.