விலை குறைந்த ஸ்பின்னிங் ரீல்: நன்னீர்த் தூண்டிலுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

தூண்டில் கோலில் பொருத்தி நரம்பைச் சுற்றும் கருவியான ஸ்பின்னிங் ரீலில், விலை குறைந்தவற்றின் பெட்டிமேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பவை பேரிங் எண்ணிக்கையும் அதிகபட்ச டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அறாமல் இளகவிடும் உராய்வுத் தடை) எடையும்தான். நன்னீரில் மீன் பிடிப்பவருக்கு இவ்விரண்டு எண்களாலும் பெரிய பயன் இல்லை. மீன் இழுக்கும் நொடியில் டிராக் எவ்வளவு மென்மையாக இளகுகிறது, சுற்றும்போது தூண்டில் நரம்பு முறுக்கேறாமல் ஸ்பூலில் (நரம்பு சுற்றப்படும் உருளையில்) எப்படிப் படிகிறது என்பவையே ஒரு ரீலின் தரத்தைக் காட்டுகின்றன. ஷிமானோ சியன்னா, ஷிமானோ செடோனா, ஒகுமா செய்மார், டைவா பிஜி, பென் பேட்டில் ஆகிய ஐந்து ரீல்களையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் டிராக். குளத்திலும் ஏரியிலும் பெரும்பாலோர் பயன்படுத்துவது 6 முதல் 10 பவுண்டு வரை தாங்கும் நைலான் நரம்பு. 8 பவுண்டு நரம்பு என்பது ஏறத்தாழ 3.6 கிலோ இழுவையில் அறும் நரம்பு. முடிச்சும் உராய்வும் பலத்தைக் குறைக்கும் என்பதால், டிராக்கை அறுபலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வைக்க வேண்டும், அதாவது 0.9 கிலோவிலிருந்து 1.2 கிலோவுக்குள். அப்படியிருக்க, பெட்டியில் 8 கிலோ என்று போட்டிருந்தாலும் 10 கிலோ என்று போட்டிருந்தாலும் நமக்கு ஒன்றுதான். கவனிக்க வேண்டியது அந்த ஒரு கிலோ அளவில் ஸ்பூல் சுழலத் தொடங்கும் விதம். மட்டமான டிராக் முதலில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு திடீரென விடும். மெல்லிய நரம்பு அறுவது பெரும்பாலும் அந்தத் தயக்கத்தில்தான். நரம்பு சுற்றிய ரீலின் டிராக்கைச் சற்றுத் தளர்த்தி, நரம்பைக் கையால் மெதுவாக இழுத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். துள்ளலின்றி ஒரே சீராக நரம்பு வெளியேறினால் அந்த ரீலை நம்பலாம்.

டிராக்கில் உராய்வைத் தருபவை வாஷர் எனும் வட்டத் தகடுகள். செய்மாரில் எண்ணெய் ஊட்டிய ஃபெல்ட் வாஷர்களும் பேட்டிலில் கார்பன் வாஷர்களும் உள்ளன. நீண்ட, வேகமான ஓட்டத்தில் எழும் வெப்பத்தைக் கார்பன் நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கடல்மீனைப் போல நூறு மீட்டர் நரம்பை ஒரே மூச்சில் இழுத்தோடும் மீன் நன்னீரில் அரிது. குறைந்த அழுத்தத்தில் மென்மையாக இளகுவதில் எண்ணெய் ஊட்டிய ஃபெல்ட் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. எனவே கார்பன் என்ற ஒரே சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பேரிங் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், செய்மாரில் ஏழு பால் பேரிங்குகளும் ஒரு ரோலர் பேரிங்கும் இருக்கின்றன. செடோனாவில் மூன்றும் ஒன்றும்தான். இதை வைத்துச் செய்மார் இரு மடங்கு நல்ல ரீல் என்று முடிவு செய்வது தவறு. பினியன் எனும் சிறு கியரையும் பிரதான கியரையும் தாங்கும் இடங்களில் நல்ல பேரிங்குகள் இருந்தால் ரீல் சீராகச் சுழலும். கைப்பிடிக் குமிழுக்குள் செருகப்பட்ட பேரிங்குகள் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர ரீலின் ஆயுளைக் கூட்டுவதில்லை. இவற்றையெல்லாம் விட நான் முக்கியமாகக் கருதுவது நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் பெயில் கம்பியின் முனையில் இருக்கும் சிறிய லைன் ரோலரை. நரம்பு அதன் மீது தொண்ணூறு பாகை அளவுக்குத் திரும்பித்தான் ஸ்பூலுக்குப் போகிறது. அந்த உருளை சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு அதன் மேல் உரசியும் உருண்டும் முறுக்கேறும். சில நாட்களில் உருளையிலும் பள்ளம் விழும். வாங்குமுன் ஒரு துண்டு நரம்பை அதன் மேல் இருபுறமும் இழுத்துப் பிடித்து, உருளை தடையின்றி உருள்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

கியரில் செடோனா தன் விலைக்கு மீறிய தரம் உடையது. பல மலிவு ரீல்களில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்த கியரே இருக்க, இதில் குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கிய ஹகானே கியர் இருக்கிறது. பற்கள் மெதுவாகத் தேய்வதால் சுழற்சியின் மென்மை நெடுநாள் நிலைக்கும். பிஜியும் பேட்டிலும் உலோக உடல் கொண்டவை, உறுதியானவை. ஆயினும் 2500 அளவில் (ரீலின் பருமனைக் குறிக்கும் எண் இது) இரண்டுமே 260 கிராமுக்கு மேல் எடையுள்ளவை. செயற்கை இரையை நாள் முழுவதும் வீசிக்கொண்டே இருப்பவரின் மணிக்கட்டு அந்த எடையை மாலைக்குள் உணர்ந்துவிடும். கடலுக்கும் அவ்வப்போது போகிறவருக்கு இவை பொருத்தமானவை. நன்னீரோடு நிற்பவருக்குத் தேவைக்கு மிஞ்சியவை.

அளவைப் பொறுத்தவரை, ஒரே ஒரு ரீல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 2500 போதும். 8 பவுண்டு நரம்பு அதில் 120 மீட்டருக்கு மேல் பிடிக்கும். சிறு மீன்களுக்கு மெல்லிய நரம்பில் 1000 அளவும், பெரிய கெண்டைக்கு 4000 அளவும் ஏற்றவை. ஷிமானோவில் சி3000 என்று கண்டால் அது 2500 உடலில் பொருத்திய 3000 ஸ்பூல் என்று அறிந்துகொள்ளுங்கள். எண்ணைப் பார்த்துப் பெரிய ரீல் என்று எண்ணிவிட வேண்டாம். கியர் விகிதம் 6.2 என்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டார் (ஸ்பூலைச் சுற்றி வரும் பகுதி) 6.2 முறை சுழன்று, 2500 அளவில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நரம்பை இழுக்கும். 5க்கு அருகிலுள்ள விகிதம் பலமாகவும் நிதானமாகவும் இழுக்கும் என்பதால், எல்லா வகை மீன்பிடிப்புக்கும் ஒரே ரீல் என்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

கடையில் கையில் எடுத்ததும் கைப்பிடியைப் பின்னோக்கி அசைத்துப் பாருங்கள். பின்திரும்பாமல் தடுக்கும் ரோலர் கிளட்ச் சரியாக இருந்தால் ஆட்டம் இருக்கவே கூடாது. பிறகு வேகமாகச் சுற்றிக் கையை விடுங்கள். ரோட்டார் சமநிலையில் இல்லாவிட்டால் ரீல் முழுவதும் குலுங்கும். பெயிலைத் திறந்து மூடும்போது பாதியில் நிற்கும் ரீல் எந்த விலைக்கும் வேண்டாம்.

இந்த ஐந்தில் என் தேர்வு செடோனா 2500. கொஞ்சம் குறைவாகச் செலவிட விரும்புகிறவர் தயங்காமல் சியன்னாவை வாங்கலாம். கியரின் ஆயுளில் செடோனாவுக்குப் பின்தங்கினாலும், தொடங்குபவருக்கும் வார இறுதிகளில் மட்டும் போகிறவருக்கும் அது நேர்மையான ரீல். கையில் எடுத்துப் பார்த்து டிராக் பிடித்திருந்தால் செய்மாரும் குறைசொல்ல முடியாத தேர்வே. எதை வாங்கினாலும் மிச்சமாகும் பணத்தை நல்ல நரம்புக்குச் செலவிடுங்கள். பிரெய்டு எனும் பின்னிய நூல் என்றால் அடியில் சில சுற்று நைலான் நரம்பைச் சுற்றிவிட்டு அதன் மேல் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வழுவழுப்பான ஸ்பூலில் நூல் மொத்தமாக நழுவிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டதென்று ரீலைத்தான் குறை சொல்லத் தோன்றும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பி, வீசிய பின் பெயிலைக் கைப்பிடியால் சுற்றி மூடாமல் கையாலேயே மூடி வந்தால், முறுக்கும் சிக்கலும் பெருமளவு குறையும். பெயில் ஸ்பிரிங்கும் நெடுநாள் உழைக்கும்.