பஸ்மத்துக்குக் கிருமி டெஸ்ட்: அகர் வெல்லா, பிராத்தா?

பெங்களூரில் மைக்ரோபயாலஜி படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது ப்ராஜெக்டுக்கு பஸ்மம், செந்தூரம் என்று சித்த, ஆயுர்வேத உலோக மருந்துகளைக் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க எடுத்தால் நேராக அகர் வெல் டிஃப்யூஷனுக்குத்தான் போகிறார்கள். காரணம் புரிகிறது. அகர் என்ற சத்து ஜெல்லி ஊற்றிய பிளேட்டில் கிருமியைப் பரப்பி, குழி போட்டு மருந்தை ஊற்றினால் மறுநாள் காலையில் ஸ்கேல் வைத்து ஜோனை, அதாவது குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை, அளந்துவிடலாம், செலவும் குறைவு, தீசிஸில் போட்டோ வேறு அழகாக இருக்கும்.

ஆனால் ஜோன் வர வேண்டுமென்றால் மருந்து அகருக்குள் ஊறிப் பரவ வேண்டுமே! யசத பஸ்மம் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு, ரசசிந்தூரம் மெர்க்குரி சல்ஃபைடு. இரண்டுமே தண்ணீரில் லேசில் கரையாதவை, குழியின் அடியில் மண்டியாகப் படிந்து கிடக்கும். அப்புறம் ஜோன் இல்லை என்றால் மருந்துக்கு வேலை செய்யத் தெரியவில்லையா, இல்லை அது நகரவே இல்லையா? அந்தப் பிளேட்டை வைத்துச் சொல்ல முடியாது. சிலர் கரையட்டும் என்று அமிலம் சேர்க்கிறார்கள். அதில் பெரிய ஜோன் வந்தால் இன்னும் மோசம், அமிலமே கிருமியைக் கொன்றிருக்கலாம், பஸ்மமும் வேறு உப்பாக மாறியிருக்கும்.

பிராத் மைக்ரோடைல்யூஷனில் கிருமி வளரும் சத்துத் திரவம்தான் பிராத், அதை ஊற்றிய 96 குழி பிளேட்டில் மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒரு மில்லிக்குச் சுமார் 5 லட்சம் கிருமி இருக்கும்படி விடுகிறோம். துகளும் கிருமியும் ஒரே திரவத்தில் இருப்பதால் பரவும் பிரச்சினை இல்லை, வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவும் கிடைக்கும். தொல்லை என்னவென்றால் பொடியே திரவத்தைக் கலங்கடித்துவிடும், கலங்கலைப் பார்த்து வளர்ச்சியை முடிவு செய்ய வழியில்லை. ரெசாசுரின் சாயம் விடலாம், உயிருள்ள கிருமி நீலத்தைப் பிங்க் ஆக்கும். ஆனால் உலோகமே சாயத்தோடு விளையாடக்கூடும், அதனால் மருந்து மட்டும் விட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும். நான் கடைசியில் நம்புவது காலனி எண்ணிக்கையைத்தான்: ஒவ்வொரு குழியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, நீர்த்து, புது அகரில் பரப்பி எண்ணுவது. இடுப்பு ஒடியும் வேலை, சரி, வேறு வழியில்லை. கிருமி கலக்கும் பிராத்தில் உள்ள புரதம் உலோக அயனிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் ஓட்டு பிராத்துக்கே. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கரையும் ஆன்டிபயாட்டிக்கை ஒப்பிட வைக்கும் கண்ட்ரோலுக்கு அகர் தாராளமாகப் போதும்.

இன்னொன்று, யசத பஸ்மத்தை எடுத்தால் பக்கத்திலேயே கடையில் கிடைக்கும் சாதாரண துத்தநாக ஆக்சைடையும் அதே அளவில் போடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கொன்றால், பஸ்மத்தைத் திரும்பத் திரும்பச் சுட்ட அந்தப் புடமெல்லாம் கிருமி விஷயத்தில் எதையும் கூட்டவில்லை என்று எழுத வேண்டியிருக்கும், கைடு முகம் சுளித்தாலும்.