மாருதி 800க்கு ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலை: விருகம்பாக்கம் சந்துப் பட்டறை

எங்கள் வீட்டு மாருதி 800, 2004 மாடல். அப்பா புதிதாக வாங்கியது. 2019இல் ஒரு முறை, 2024இல் ஒரு முறை என்று ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோய் ஆர்சி புதுப்பித்தாயிற்று, இன்ஜினில் இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. படுத்தியதெல்லாம் கீழ்ப்பக்கம்தான். ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து தினமும் அந்தப் பள்ளங்களில் இறங்கி ஏறியதில், ஸ்பீட் பிரேக்கர் தாண்டும்போதெல்லாம் முன்பக்கம் கடக் கடக் என்று சத்தம், பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுப்பு, ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை திருப்பினாலும் சக்கரம் அசையாத அளவுக்கு பிளே.

முதலில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போனேன், பெயர் வேண்டாம். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் ரேக் (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) போச்சு, முன்பக்க ஷாக் இரண்டும் போச்சு, மொத்தம் 19,000 ஆகும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றதும், சரி, இப்போதைக்கு டைட் பண்ணித் தருகிறோம் என்று ரேக்கில் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முறுக்கிக் கொடுத்தார்கள். பிளே கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் திருப்பத்தில் வளைத்த ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை, கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. மனைவியும் பிள்ளையும் வண்டியில் இருக்கும்போது ஒரு மேம்பால வளைவில் அப்படி ஆனபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த ஸ்க்ரூ ரேக்கைப் பினியன் என்ற பல்சக்கரத்தின்மேல் அழுத்தி வைப்பதற்கானது. அளவுக்கு மேல் முறுக்கினால் ரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பல்லும் சீக்கிரம் தேயும். வேறு இடத்தில் இருக்கும் ஆட்டத்தை இதை முறுக்கி மறைப்பது ரொம்பத் தப்பான வேலை.

அதற்குப் பிறகுதான் நண்பர் ஒருவர் சொல்லி இந்தப் பட்டறைக்குப் போனேன். விருகம்பாக்கத்தில் ஒரு சந்துக்குள், இரண்டு வண்டி நிறுத்தினால் இடம் முடிந்தது. ஐம்பது வயது தாண்டிய ஒரு அண்ணன், உதவிக்கு ஒரு பையன். அண்டர்சேசிஸ் (வண்டியின் கீழ்ப்பக்க) வேலை மட்டும்தான் எடுக்கிறார், இன்ஜின், ஏசி எதையும் தொடுவதில்லை.

இவர் செய்த முதல் காரியம் கண்ணாடியை இறக்கிவிட்டு, காம்பவுண்டு சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் போனதுதான். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் என்றார். அப்புறம் வண்டியை நிறுத்தி, பையனை உட்கார வைத்து ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் கை வைத்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டு, "கைய இங்க வைங்க சார்" என்றார். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் இடது டை ராடு எண்டின் மேல் கட்டைவிரலை வைத்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே டக், டக் என்று இடித்தது விரலில் தெரிந்தது. வலது பக்கம் வைத்தால் ஒன்றுமே இல்லை. ஆறு மாதமாக நான் ரேக் ரேக் என்று கவலைப்பட்டது இதற்குத்தான்.

அடுத்து ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இடது சக்கரம் ஆடியது. பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார், அப்போதும் ஆடியது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தை லோயர் ஆர்மோடு (கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) இணைக்கும் பால் ஜாயிண்ட். ஐந்து நிமிட வேலை, ஆனால் இதைச் செய்து பார்த்தவர் இவர் ஒருவர்தான். பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும், அதனால் இதில் மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

பிரேக் இழுப்புக்குக் காரணம் ஸ்டெபிலைசர் பாரின் (இரண்டு பக்க ஆர்மையும் இணைக்கும் கம்பி) ரப்பர் புஷ். இந்த வண்டியில் அந்த பார் சாய்வைக் குறைப்பதோடு லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்தும் வைக்கிறது. புஷ் நைந்துபோனால் பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் நகரும், வண்டி இழுக்கும். நான் பிரேக் கோளாறு என்று பேடு வரைக்கும் மாற்றியிருந்தேன். கழற்றிக் காட்டிய புஷ்ஷின் ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது.

முன்பக்க ஷாக் இரண்டும் நன்றாக இருக்கிறது, ஆயில் கசிவு இல்லை, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்ப்ரிங்கில் கை வைத்துப் பார்த்து, ஷாக்கை மேலே வண்டி பாடியோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் மட்டும் இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னார்.

பார்ட்ஸ் நீங்களே வாங்கி வந்தாலும் சரி என்றதால் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டுக்குப் போனேன். கம்பெனி ஒரிஜினல், இல்லாவிட்டால் ரானே, வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கடையிலேயே டை ராடு எண்டைக் கையில் எடுத்து ஆணியை அசைத்துப் பாருங்கள், புதுசு என்றால் இறுக்கமாக, ஒரே சீராகத் திரும்பும். என் பழையது தன் எடையிலேயே தொங்கி ஆடியது.

அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது பார்ட்ஸ் மாட்டும்போதுதான். டை ராடு எண்டைக் கழற்றும்போது ஆணியின் தலையில் சுத்தியலால் அடிக்கவில்லை, அது உட்கார்ந்திருக்கும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் பக்கவாட்டில் இரண்டு தட்டு, கழன்றுவிட்டது. எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதுசையும் அதே சுற்றுக்கு ஏற்றினார். ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) எல்லாம் புதுசு. புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக முறுக்கவே இல்லை. நான்கு சக்கரமும் தரையில் இறங்கி, முன்பக்கத்தை நாலு முறை அழுத்திவிட்ட பிறகு மறுபடி கீழே படுத்து முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். உங்கள் வண்டிக்கு புஷ் மாற்றி ஆறு மாதத்திலேயே சத்தம் திரும்பி வந்திருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

ரேக் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரியாக வைத்தார், கிழிந்த ரேக் பூட் (தூசி போகாமல் மூடும் ரப்பர் உறை) ஒன்றையும் மாற்றினார். பால் ஜாயிண்டை ஆர்மோடு சேர்த்து இரண்டு பக்கமும், டை ராடு எண்ட் இரண்டு, புஷ், மவுண்ட், பூட் எல்லாம் சேர்த்து பார்ட்ஸ் 5,140. கூலி 2,200. வெளியில் வீல் அலைன்மென்ட் 450. ஆக 7,790 ரூபாய்.

குறைகளும் உண்டு. ஒரு நாள் என்று சொன்னது இரண்டரை நாள் ஆனது. பூட் கிழிந்திருப்பதை முதல் நாளே பார்த்திருந்தால் நான் ஜிபி ரோட்டுக்கு இரண்டாம் முறை அலைந்திருக்க வேண்டாம். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். உட்கார இடமில்லை. அலைன்மென்ட் மிஷின் இல்லாததால் வெளியே அனுப்புகிறார். அங்கே ஸ்டீயரிங் லேசாகச் சாய்ந்து நிற்கும்படி முடித்துவிட்டார்கள், திரும்பப் போய் நேராக்கி வாங்கி வந்தேன். இந்த வண்டியில் முன்சக்கரத்துக்கு டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) மட்டும்தான் சரி செய்ய முடியும், கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் அளவு), காஸ்டருக்கு (ஸ்டீயரிங் அச்சு முன்பின் சாயும் அளவு) அட்ஜஸ்ட்மென்ட் இல்லை. அதற்கும் சேர்த்துக் காசு கேட்டால் எங்கே திருப்புகிறீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள்.

இப்போது நான்கு மாதம், 3,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. ஈசிஆரில் பாண்டிச்சேரி வரை போய் வந்தோம், சத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை. திருப்பத்தில் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறது. முன்பு டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டினால் ஒரு பக்கம் ரம்பம் மாதிரி கீறும், புது டயரில் இதுவரை அது இல்லை.

போவதாக இருந்தால் காலை ஒன்பதரைக்குப் போங்கள், அவரே ஓட்டிப் பார்ப்பார். மதியத்துக்கு மேல் போனால் மறுநாள் வரச் சொல்லிவிடுவார்.