ஒளிரும் நீரில் நீந்துவதா, துடுப்புப் போடுவதா?

கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் இரவில் ஒளிரும் கடலைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தண்ணீரில் இறங்குவதா வேண்டாமா என்பதைத்தான்.

இறங்கியே ஆக வேண்டும் என்றால் லா பார்குவேரா. தென்மேற்குக் கரையில் உள்ள இந்த விரிகுடாவுக்கு மோட்டார் படகில் கூட்டிப்போய் நீந்த விடுகிறார்கள். கையை வீசினால் விரல்களைச் சுற்றி நீலப்பச்சை ஒளி! பைரோடினியம் பஹாமென்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரிதான் காரணம். நீர் கலங்கினால் ஒரு நொடிக்கும் குறைவாக மின்னி அடங்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து மின்னுவதால் நமக்கு அது தொடர் வெளிச்சமாகத் தெரிகிறது.

வியேகஸ் தீவின் மாஸ்கிட்டோ விரிகுடாவில் நீந்தத் தடை, துடுப்புப் போட்டுச் செலுத்தும் சிறு படகான கயாக்கில் போய்ப் பார்க்கலாம். ஆனால் வெளிச்சத்தில் இதுதான் முந்தி. கின்னஸ் பதிவிலும் இடம்பிடித்தது. லா பார்குவேராவிலோ கரையோர விளக்குகளும் படகுகளும் பெருகி ஒளி மங்கிப்போனது.

என் ஓட்டு வியேகஸுக்கே. நீந்தும் ஆசை விடவில்லையா, சரி, லா பார்குவேராவுக்கே போங்கள். ஆனால் கொசு விரட்டியும் சன்ஸ்கிரீனும் பூசிக்கொண்டு இறங்காதீர்கள், அந்த உயிரிகளுக்கு ஆகாது. அப்புறம், எங்கே போனாலும் அமாவாசையை ஒட்டியே போங்கள். பௌர்ணமி நிலவில் பாதி ஒளி கண்ணுக்கே தெரியாது.