ஞாயிறு ட்ராக் என்றால் வெள்ளிக்கிழமை டயர் மாட்டாத கடை

இந்த டயர் கடைக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடாதே என்று கடைக்கார அண்ணனே சொல்லிவிட்டார். “இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியல தம்பி.” சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆட்டோ நுழைந்தால் பைக் நிற்க இடமில்லாத அளவுக்குச் சின்னக் கடை. ரேஸ் ட்ராக்கில் பைக் ஓட்டுகிறவர்கள் நாலு பேரிடம் விசாரித்தால் ஒருவராவது வழி சொல்லிவிடுவார்.

என்னிடம் இருப்பது கேடிஎம் டியூக் 390 பைக். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஞாயிறு ட்ராக் டே, அதாவது பணம் கட்டி நம் வண்டியை ட்ராக்கில் ஓட்டும் நாள், வெள்ளி சாயங்காலம் வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். பின் டயர் நடுவில் தட்டையாகிச் சதுரமாகிவிட்டிருந்தது. எந்த டயர் வேண்டும் என்று அண்ணன் கேட்கவில்லை. “எங்க ஓட்டப் போறீங்க, எப்ப?” என்றார். சொன்னேன்.

“அப்ப இன்னைக்கு மாட்ட மாட்டேன். ஸ்லாட்டை மாத்திக்கிட்டு வாங்க.”

கையில் பணத்தோடு நிற்கிறவனிடம் இப்படிப் பேசும் கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. வேறு ஆளாக இருந்தால் அடுத்த கடைக்குப் போயிருப்பான். எனக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு. இரண்டு வருஷம் முன்னால் வேறொரு கடையில், சனிக்கிழமை ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரத்தில் புது டயர் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை நேரே ட்ராக்குக்குப் போனேன். “ரெண்டு ரவுண்டு ஸ்லோவா போங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். இரண்டாவது ரவுண்டிலேயே, வேகமே இல்லாத ஒரு வளைவில், முன்சக்கரம் சோப்பை மிதித்த மாதிரிப் போய்விட்டது. வண்டி எனக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போவதை உட்கார்ந்த நிலையிலேயே பார்த்தேன். கியர் லீவர் போச்சு, ஹேண்டில்பார் முனை போச்சு, இடது மணிக்கட்டில் மூன்று வாரம் கட்டு. அன்றைக்கு என் ஓட்டம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டமும் சரியில்லைதான்.

எனவே அண்ணன் சொன்னபடி ட்ராக்கில் பதிவு செய்திருந்த ஸ்லாட்டை மார்ச்சுக்கு மாற்றினேன். கட்டிய பணத்தில் கொஞ்சம் போனது. ட்ராக்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது மறுபடி போய் நின்றேன். யூரோகிரிப் ப்ரோடார்க் எக்ஸ்ட்ரீம், முன்னால் 110/70, பின்னால் 150/60. மதுரைக் கம்பெனி. ரோட்டுக்கும் ஆகும், எப்போதாவது ட்ராக்குக்கும் ஆகும் என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார். கழற்றுவதற்கு முன்னால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தை என்னையே படிக்கச் சொன்னார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3824 என்றால் 2024-இன் 38-ஆவது வாரத்தில் செய்தது. “இதைப் படிக்காம எந்தக் கடையிலயும் காசு குடுக்காதீங்க.”

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார். ரிம்மின் விளிம்பைத் துணியால் துடைத்து, பழைய ரப்பர் துணுக்கைச் சுரண்டி எடுத்து, டயரின் உள்விளிம்பான பீடு உட்காரும் இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் தடவுகிறார். கிரீஸ் தடவுகிற கடைகளைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. காற்று ஏற ஏற ‘டப்’ என்று ஒரு பக்கம், ‘டப்’ என்று மறுபக்கம். அந்த இரண்டு சத்தமும் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தார். சுற்றும் திசை அம்புக்குறியைப் பார்த்தார், பேலன்சிங் செய்து வெயிட் ஒட்டினார். அப்புறம் ஒரு சாக்பீஸை எடுத்து, வால்வுக்கு நேராக ரிம்மிலிருந்து டயர் வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். எதற்கு என்று கேட்டேன். “ஊருக்குப் போயிட்டு வந்து காட்டுங்க” என்று மட்டும் சொன்னார்.

புது டயர் ஏன் வழுக்கும் என்பதை எனக்குப் புரிய வைத்தது இந்தக் கடைதான். அச்சிலிருந்து வந்த டயரின் மேல்தோல் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். ரப்பரில் சீக்கிரம் வெடிப்பு விடாமலிருக்கக் கலக்கும் மெழுகும் மேலே கசிந்து நிற்கும். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சு பற்றிக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பேச்சு. இப்போது சில அச்சுகளுக்கு அது தேவையே இல்லை என்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் தோல் தோல்தான். உள்ளே இருக்கும் கட்டமைப்பும் ஓடி, சூடாகி, ஆறித்தான் இயல்புக்கு வரும். இதெல்லாம் போக, சதுரமான டயரில் பழகிய நம் உடம்புக்கு உருண்டை டயர் திடீரென்று சாய்கிற மாதிரி இருக்கும். பல கம்பெனிகளும் முதல் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், நிதானமாகப் போகச் சொல்வது இதற்குத்தான். உப்புத்தாளால் தேய்ப்பது, பெட்ரோலால் துடைப்பது இரண்டுக்கும் அண்ணனிடம் தடை. பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஓட்டுவதும் வீண்தானாம். சூடு வருவது நேர் ரோட்டில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மாறி மாறிக் கொடுப்பதில் என்றார். ஆனால் முதல் நாள் அதையும் முறுக்காமல் செய்யச் சொன்னார்.

ஈசிஆரில் பாண்டிச்சேரி போய்வரலாமா என்று கேட்டதற்குச் சிரித்தார். “நேர் ரோட்டுல நடுதான் தேயும். ஓரம் புதுசாவே இருக்கும். ட்ராக்ல நீங்க படுக்குறது ஓரத்துலதானே?” வளைவு நிறைந்த ஏலகிரி மலைக்குப் போகச் சொன்னார்.

ஞாயிறு விடிகாலை கிளம்பினேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது ட்ராக் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனேன். ஏலகிரி ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். கீழே நிறுத்திப் பார்த்தபோது பின் டயரின் நடுப்பகுதி சாம்பல் நிறம், இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளக்கும் கறுப்பு, அதில் டயர் முடி அப்படியே நின்றது. ஒவ்வொரு வளைவிலும் முந்தினதைவிடத் துளி கூடுதலாகச் சாய்த்தேன். எதிரே பஸ் வரும் ரோடு, அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. மேலே டீக்கடையில் மறுபடி குனிந்து பார்த்தால் அந்தக் கறுப்புப் பட்டை பேனா தடிமனுக்கு வந்திருந்தது. டீ போட்டவர் “பஞ்சரா தம்பி?” என்றார்.

மறுநாள் கடையில் வண்டியை நிறுத்தியதும் அண்ணன் பார்த்தது டயரை அல்ல, சாக்பீஸ் கோட்டை. முன்சக்கரத்தில் நேராக இருந்தது. பின்சக்கரத்தில் ரிம்மில் இருந்த பாதியும் டயரில் இருந்த பாதியும் ஒரு விரல் அகலம் விலகியிருந்தன. “முறுக்குனீங்களா?” வாலாஜா டோல் தாண்டியதும் ஒரே ஒருமுறை முறுக்கினேன். சோப்புத் தண்ணீர் காய்வதற்குள் முறுக்கினால் டயர் ரிம்மிலேயே சுற்றிவிடும், பேலன்சிங் கெட்டுவிடும். சக்கரத்தைக் கழற்றி மறுபடி பேலன்ஸ் செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. திட்டு மட்டும் கிடைத்தது.

ட்ராக் அன்று அவர் சொன்னபடியே முதல் செஷனில் மூன்று ரவுண்டு சூடேற்றுவதற்கு மட்டும். காலையில் 30-இல் இருந்த பின் டயர் காற்று, வண்டியை நிறுத்தும் பிட்டுக்குள் வந்த கையோடு பார்த்தால் 35. சூட்டோடு கொஞ்சம் இறக்கினேன். மூன்றாவது செஷனில் நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவான சி1-க்குள் சாயும்போது, இரண்டு வருஷமாக உடம்பில் இருந்த அந்த இறுக்கம் இல்லை என்று தெரிந்தது. டயர் எங்கே பிடிக்கிறது என்று கைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. மதியம் ஓரத்தில் ரப்பர் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு ஒட்டியிருந்தது. மழையில் இந்த டயர் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், இன்னும் நனையவில்லை.

கடையைப் பற்றிக் குறை சொல்லவும் இருக்கிறது. வண்டி நிறுத்த இடமில்லை. ஒரு மணிக்கு மூடினால் மூன்றரைக்குத்தான் திறப்பார், அதுவும் சில நாள் நாலு ஆகும். போனில் எடுக்கவே மாட்டார். ஸ்டாக்கில் இரண்டு மூன்று பிராண்டுக்கு மேல் இருக்காது. பணம் அனுப்பும் கியூஆர் அட்டை அவருடைய மருமகன் பெயரில் இருக்கிறது, மருமகனுக்குப் போன் போட்டு வந்ததா என்று கேட்டு, அவன் எடுக்கும்வரை நாம் நிற்க வேண்டும். மாட்டுவதற்கும் பேலன்சிங்குக்கும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 800 ரூபாய், மற்ற இடங்களைவிடக் கூடுதல்தான். நான் மறுபடியும் போவேன்.

போகிறவர்கள் டயர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ட்ராக் தேதியைச் சொல்லுங்கள். பத்து நாளுக்குள் என்றால் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.