எலும்புப் பெட்டியா, சிங்களமா? மருத்துவ பீடத்துக்குப் போகுமுன் ஓர் ஒப்பீடு

பல்கலைக்கழகத் தெரிவு வந்த கிழமையே எங்கள் வீட்டு மேசையில் ஒரு பட்டியல் கிடந்தது. பெரியப்பா சொன்னது, பக்கத்து வீட்டு அன்ரி சொன்னது, ரியூசன் சேர் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து அம்மா எழுதியது. லப்டொப், ஸ்டெதஸ்கோப், எலும்பு, வெள்ளைக் கோட் மூன்று, தடித்த புத்தகங்கள் ஆறு. அப்பா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த நாள் அம்மாவின் கையில் ஒரு சோடிக் காப்பு இல்லை.

அந்தச் சாமானில் பாதி எனக்கு முதல் வருடம் தேவைப்படவே இல்லை. உண்மையில் தேவைப்பட்ட சில விஷயங்கள் அந்தப் பட்டியலில் இருக்கவும் இல்லை. இப்போது எங்கள் திருகோணமலையில், உவர்மலையிலும் பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனையோ வீடுகளில் இதே பட்டியலை எழுதிக்கொண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் படித்து முடித்துப் பயிற்சி மருத்துவராக இருக்கும் நானும், பேராதனையில் படித்த என் மச்சாளும் பட்டதை வைத்து ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான். அங்கே போன பிறகும் வாங்கக்கூடியதா, அல்லது திருகோணமலையில் இருக்கும்போது மட்டும்தான் கிடைக்குமா?

காத்திருக்கும் மாதங்கள்: ரியூசன், முன்கூட்டிய படிப்பு, மொழி

உயர்தரப் பெறுபேறு வந்ததற்கும் பீடத்தில் கால் வைப்பதற்கும் இடையில் பல மாதங்கள் போகும், சில பற்சுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போயிருக்கிறது. எங்கள் ஊரில் இந்த நேரத்தில் மூன்று வழி உண்டு.

முதலாவது, உயிரியல் ரியூசன் கொடுப்பது. மெடிசின் கிடைத்த பிள்ளை என்றால் பெற்றோர் வீடு தேடி வருவார்கள். கையில் காசு புழங்கும். படித்ததும் மறக்காது. நான் பதினொரு மாதம் கொடுத்தேன், விடுதிக்குப் போகும் செலவு முழுக்க அந்தக் காசுதான். குறை என்னவென்றால் கிழமையில் ஆறு நாளும் அதற்குள்ளேயே போய்விடும். நாம் புதிதாக ஒன்றும் கற்பதில்லை, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இரண்டாவது, அனாட்டமியை, அதாவது உடற்கூற்றியலை, இப்போதே தொடங்குவது. மச்சாள் இதைத்தான் செய்தாள். மேற்கையின் தசைகள் எல்லாவற்றையும் பாடமாக்கினாள். டிசெக்ஷன் மேசையில் உடலைப் பார்த்த முதல் நாள், மனப்பாடம் செய்த ஒரு தசையையும் அவளால் அடையாளம் காண முடியவில்லை. படத்தில் சிவப்பாகவும் நீலமாகவும் மஞ்சளாகவும் பிரிந்து கிடக்கும் நாடி, நாளம், நரம்பு எல்லாம் அங்கே ஒரே மங்கல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். அனாட்டமி கையால் தொட்டுப் படிக்கிற பாடம். வீட்டிலிருந்து மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி இரண்டு மாதத்தில் கரைந்துவிட்டது என்று அவளே சொல்வாள்.

மூன்றாவது மொழி. இதை ஆங்கிலம், சிங்களம் என்று பிரித்துத்தான் பார்க்கவேண்டும்.

ஆங்கிலத்தில் எங்களுடைய பிரச்சினை பேச்சு மட்டும் இல்லை. கலம், இழைமணி, நொதியம், நரம்புக்கலம் என்று இரண்டு வருடம் படித்துவிட்டுப் போய் உட்காருகிறோம். விரிவுரையாளர் மைற்றோகொண்ட்ரியா என்று சொல்ல, அது இழைமணிதான் என்று மூளை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மூன்று ஸ்லைட் போய்விடும். விஷயம் தெரிந்திருந்தும் தெரியாதவரைப் போல இருப்பது மிகவும் நோகும். பலர் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்திலிருந்து வந்ததால்தான் இப்படி என்றும் குமைகிறார்கள். அதில்லை, சொற்கள்தான் காரணம். இதற்கு ஆங்கில வகுப்பை விடச் சிறந்த மருந்து ஒன்று உண்டு. தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர உயிரியல் வளநூல் தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, மனித உடல் தொடர்பான பகுதிகளை மட்டும் ஒரு நாளைக்கு நான்கு பக்கம் வாசியுங்கள். விஷயம் ஏற்கனவே தெரியும், ஆகவே சொல் தானாக ஒட்டும்.

சிங்களம் இன்னும் பெரிய விஷயம், இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. பேராதனையோ கொழும்போ காலியோ கிடைத்தால் மூன்றாம் வருடம் வார்ட்டுக்குள் போகும்போது நோயாளி சிங்களத்தில்தான் பேசுவார். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போகிறவர்கள் தப்பிவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். அங்கேயும் பற்ச்சில் சிங்களப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், பயிற்சிக் காலத்தில் எந்த ஊர் ஆஸ்பத்திரி கிடைக்கும் என்றும் முன்கூட்டித் தெரியாது. என் முதல் இரவுக் கடமையில் வயிற்றுவலியோடு வந்த ஒரு முதியவரிடம் “கொஹேத ரிதென்னே?” என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு விளங்கவில்லை. எங்கே நோகிறது என்று கேட்கத் தெரிந்த எனக்கு, எப்படி நோகிறது என்று அவர் விவரித்தபோது பிடிபடவில்லை. நல்லவேளை, தாதி அக்கா ஒருவர் பக்கத்தில் நின்றார்.

திருகோணமலைக்காரருக்கு இருக்கும் வசதி இங்கேதான். யாழ்ப்பாண நண்பர்கள் சிங்களம் பேசிப் பழக ஆள் தேடி அலைந்தார்கள். எங்களுக்கு மீன் சந்தையிலும் கந்தளாய் பஸ்ஸிலும் பொது வைத்தியசாலை வெளிநோயாளர் வரிசையிலும் அந்த மொழி நாளாந்தம் காதில் விழுகிறது. ஆறு மாதம் வெட்கப்படாமல் பிழைபிழையாகப் பேசினால் போதும். இந்த வாய்ப்புப் பிறகு காசு கொடுத்தாலும் இதே இலகுவில் கிடைக்காது.

ஆகவே என் தெரிவு: ரியூசன் கிழமையில் மூன்று நாள், காலையில் நான்கு பக்கம் ஆங்கிலம், மிச்ச நேரம் சிங்களம். அனாட்டமிப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.

நிஜ எலும்பா, பிளாஸ்ரிக் எலும்பா

இது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. பிளாஸ்ரிக் தொகுதி சுத்தமானது, பாரம் இல்லை, மேசையில் வைத்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நிஜ எலும்பு பெரும்பாலும் சீனியர்மாரிடமிருந்து கை மாறி வரும். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு மணிக்கட்டுச் சிற்றெலும்பாவது தொலைந்திருக்கும்.

படிப்புக்கு எது நல்லது? நிஜம்தான், சந்தேகமே இல்லை. மேற்கை எலும்பின் பின்பக்கத்தில் ஆரை நரம்பு சரிந்து போகும் தவாளிப்பு இருக்கிறது. நிஜ எலும்பில் விரலை ஓட்டினால் அது கைக்குத் தெரியும். மலிவான பிளாஸ்ரிக்கில் வழவழவென்று போய்விடும். தொடை எலும்பின் பின்புற முகடும் அப்படித்தான். மண்டையோட்டின் அடித்தளத்தில் நரம்புகள் வெளியேறும் துவாரங்கள் சில பிளாஸ்ரிக் வார்ப்பில் அடைத்தே கிடக்கும். சோதனையில் ஒரு எலும்பைக் கையில் தந்து வலதா இடதா என்று கேட்கும்போது, கண்ணை விட விரல்தான் முதலில் பதில் சொல்லும். அந்தப் பழக்கம் நிஜத்தில்தான் வரும்.

ஒரு இடத்தில் மட்டும் பிளாஸ்ரிக் வெல்கிறது. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் கம்பியில் கோத்த கை மாதிரி ஒன்று இருந்தால், எது எதற்குப் பக்கத்தில் என்று சட்டென்று பிடிபடும். உதிரியாக எட்டுக் கூழாங்கல் போலக் கிடப்பதை வைத்து அதைக் கற்பது கஷ்டம்.

ஒரு படிப்பு விடுமுறைக்கு மண்டையோட்டை ஊருக்குக் கொண்டுவந்தேன். அம்மா வீட்டுக்குள் எடுக்கவே விடவில்லை, சாமியறை உள்ள வீடு என்றார். அம்மம்மாதான் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “இது ஆர் பெத்த பிள்ளையோ” என்று கேட்டார். பிறகு தன் பழைய வெள்ளைச் சீலையில் ஒரு துண்டு கிழித்து அதைச் சுற்றித் தந்தார். அந்தத் துணி என்னிடம் இன்னும் இருக்கிறது. தங்கள் உடலைப் படிப்புக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மனிதர்களிடம்தான் நாங்கள் கற்கிறோம். நிஜ எலும்பை எடுக்கிறவர்கள் அதை நிலத்தில் போடாமல், படம் எடுத்துப் பகிராமல் வைத்திருக்க வேண்டும். அது முடியாதென்றால் பிளாஸ்ரிக்கே போதும்.

எப்படியானாலும் இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே போய், மூன்று பேர் சேர்ந்து ஒரு தொகுதி எடுங்கள். பீடத்தின் அனாட்டமி பகுதியிலும் எலும்புகளைப் பார்க்கலாம்.

விடுதியா, வாடகை அறையா

பெற்றோருக்கு இதுதான் தூக்கம் கெடுக்கும் கேள்வி. விடுதி மலிவு. அறையென்றால் வாடகை, முற்பணம், சாப்பாடு, மின்சாரம் என்று நாலு பக்கத்தாலும் காசு போகும். மகாபொல புலமைப்பரிசிலை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 7500 ரூபாவாக உயர்த்தினார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் வாடகையையும் சாப்பாட்டையும் அதை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது. பதிவு முடிந்து முதல் காசு கைக்கு வரவும் மாதங்கள் எடுக்கலாம். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். லப்டொப்புக்கு ஒதுக்கிய காசை இதற்கு வைத்திருங்கள்.

அறையின் பெரிய நன்மை அமைதி. ஆனால் முதல் வருடத்தில் அந்த அமைதி எதிரி. மருத்துவ பீடத்தில் பாதிப் படிப்பு குப்பியில்தான், அதாவது மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் வகுப்பில்தான் நடக்கும். இரவு ஒன்பது மணிக்கு விளங்கிய ஒருத்தி விளங்காத நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பாள். எந்தப் பகுதியை ஆழமாகப் படிக்கவேண்டும், எதை மேலோட்டமாக விடலாம் என்பதெல்லாம் விடுதி நடைபாதையில் காற்றோடு வரும் செய்தி. நான் இரண்டாம் வருடம் ஒரு தனி அறைக்கு மாறினேன். வீட்டுக்காரர் ஏழு மணிக்குக் கேற்றைப் பூட்டிவிடுவார். ஒரு குப்பிக்கும் போகமுடியாமல், முன்பு ஒரு மணித்தியாலத்தில் விளங்கியதை மூன்று இரவு இருந்து படித்தேன். ஐந்து மாதத்தில் நண்பிகளோடு சேர்ந்து வேறு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பகிடிவதைக்குப் பயந்துதான் பலர் அறை எடுக்கிறார்கள். அந்தப் பயத்தைச் சின்னதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் அறையில் இருந்தாலும் பீட வளாகத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும், அறை முழுப் பாதுகாப்பு ஆகாது. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம், சிறைத்தண்டனை வரை உண்டு. போகும் முதல் கிழமையிலேயே மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர் ஆகியோரின் இலக்கங்களைப் பிள்ளையும் பெற்றோரும் போனில் பதிந்து வையுங்கள். பிள்ளை வீட்டுக்கு எடுத்து “வரப்போகிறேன்” என்று அழுதால், “எல்லாருக்கும் நடக்கிறதுதானே” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எந்த ஊர் என்பதும் கணக்கை மாற்றும். மட்டக்களப்பு ஏ15 வீதியால் 130 கிலோமீற்றர் அளவுதான். முன்பு பாதை (மிதவைப் படகு) ஏறி ஆறு கடந்த இடங்களில் எல்லாம் இன்று பாலம் இருக்கிறது, 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் உட்பட. அனுராதபுரமும் கிட்டத்தான். இந்த இரண்டுக்கும் போகிறவர்கள் மாதம் ஒரு தரம் வந்து போகலாம், ஆகவே சாமான் குறைவாகப் போதும். யாழ்ப்பாணத்துக்கு 230 கிலோமீற்றருக்கு மேல், வவுனியாவைச் சுற்றிப் போகவேண்டும். ஆனால் அங்கே நிலம் மட்டம், ஒரு பழைய சைக்கிள் இருந்தால் அறை கொஞ்சம் தள்ளி இருந்தாலும் சமாளிக்கலாம். கண்டி மேட்டில் சைக்கிள் வேலைக்கு ஆகாது. பேராதனைக்குப் போகிறவர்கள் அதைக் கொண்டுபோவதை விட இரண்டு ஸ்வெட்டர் கொண்டுபோகலாம். காலிக்குப் போகிறவர்களுக்கு விடுதியை விட்டால் வேறு யோசனையே வேண்டாம், வீடு அவ்வளவு தூரம்.

முதல் வருடம் விடுதி. பிறகு ஒத்துப்போகும் மூன்று நான்கு பேர் கிடைத்தால் சேர்ந்து ஒரு வீடு. தனி அறைக்கு நான் வாக்களிக்கமாட்டேன்.

மிச்சம்

லப்டொப்பா டப்லெட்டா என்றால், முதல் இரண்டு வருடத்துக்குப் பேனாவோடு வரும் டப்லெட். வர்ண அட்லஸ் பார்க்கவும் ஸ்லைட்டில் எழுதவும் அதுதான் கைக்கு வசதி. ஆய்வு வேலை வரும்போது லப்டொப் தேவை, அதற்குள் விலையும் மாறியிருக்கும். வீட்டில் பழைய லப்டொப் ஒன்று ஓடுகிறதென்றால் அதையே கொண்டுபோங்கள். நகை அடகு வைத்து எதுவும் வேண்டாம்.

ஸ்டெதஸ்கோப் மூன்றாம் வருடம் வாங்குங்கள். லிட்மன் கிளாசிக் நல்லதுதான், ஆனால் முதலாம் வருடத்தில் அது அலுமாரிக்குள்தான் கிடக்கும். இரத்த அழுத்தம் பார்க்கப் பழக எந்தச் சாதாரணமானதும் போதும். வெள்ளைக் கோட் இரண்டு, கட்டாயம் பருத்தி. பொலியெஸ்டர் கோட் போட்டுக்கொண்டு போர்மலின் வாசத்துக்குள் இரண்டு மணித்தியாலம் நிற்பது சித்திரவதை.

கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒரு துண்டுக் காகிதம். ஹெபடைற்றிஸ் பி தடுப்பூசியை இலங்கையில் 2003இல் தொடங்கித்தான் குழந்தைகளுக்குப் படிப்படியாகக் கொடுத்தார்கள். அதற்கு முன் பிறந்த நான், ஆரம்பத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று என்று மூன்று ஊசி போட்டேன். உங்களுக்குச் சிறுவயதிலேயே போட்டிருக்கலாம். பிள்ளை வளர்ச்சி அட்டையில் அது பதிவாகியிருக்கும். 2006 இடப்பெயர்வில் மூதூர், சம்பூர்ப் பக்கம் எத்தனையோ வீட்டில் அந்த அட்டை போய்விட்டது. அட்டை இல்லையென்றால் ஒரு இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று தெரிந்துவிடும், 10 அலகுக்கு மேல் இருந்தால் போதும். குறைவென்றால், மூன்று ஊசியும் போட்டு முடிக்க ஆறு மாதம் வேண்டும். காத்திருக்கும் இந்த மாதங்களில்தான் அதற்கு நேரம் இருக்கிறது. இன்றைக்கே அம்மாவிடம் கேட்டு அந்த அட்டையைத் தேடி எடுங்கள்.