முதல் ஃபியூக்: சி மேஜரா, சி மைனரா?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' முதல் தொகுதியில், 1722ஆம் ஆண்டின் அந்த 24 ஜோடிகளில், எதை முதலில் வாசிப்பது? ஒவ்வொரு ஜோடியிலும் பிரெலூட் என்ற முன்னிசை ஒன்று, ஒரே மூல மெட்டைப் பல குரல்கள் (தனித்தனி மெட்டு வரிகள்) மாறி மாறி எடுக்கும் ஃபியூக் ஒன்று. பியானோ கற்கும் பெரும்பாலோர் யோசிக்காமல் முதல் பக்கத்து சி மேஜர் ஜோடியைத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது என்னைக் கேட்டால், அடுத்திருக்கும் சி மைனரையே சொல்வேன் (மேஜர் பிரகாசமாக ஒலிக்கும் ஸ்வர வரிசை, மைனர் இருண்டது).

சி மேஜர் பிரெலூட் யாரையும் வசப்படுத்தும். கார்ட்களை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்து வாசிப்பதுதான் ஏறக்குறைய முழுவதும். பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ 1853இல் இதன் மேல் ஒரு மெட்டை அமைத்தார். பின்னர் அது 'ஆவே மரியா' ஆகி, பாக்கைக் கேள்விப்படாதவர்களையும் எட்டியது. வாங்கும் பதிப்பில் மட்டும் கவனம் வேண்டும். பாக் எழுதியது 35 கட்டங்கள் (இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாள அலகுகள்). சில பழைய பதிப்புகளில் 22ஆம் கட்டத்துக்குப் பின் வேறொருவர் சேர்த்த ஒரு கட்டம் இருக்கும். எண்ணிப் பார்த்து 36 வந்தால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

இரண்டு வாரத்தில் பிரெலூட் கைக்கு வந்துவிட்டது. அடுத்து ஃபியூக். அதில் மாதக்கணக்கில் திணறினேன். ஆல்டோ என்ற நடுக்குரல் தனியாகத் தொடங்குகிறது, சொப்ரானோ என்ற மேல்குரல் பதில் சொல்கிறது, அதுவரை சுகம். நான்காம் கட்டத்தில் ஆல்டோவுக்குக் கீழான டெனர் நுழைந்ததும் வலது கை இரண்டு குரல்களைத் தாங்க வேண்டும். அடுத்த கட்டத்தில் அடிக்குரலான பேஸும் வந்து சேர்கிறது. இரண்டு கைகளில் நான்கு குரல்கள்! நடுக்குரல் ஒன்று ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவும்போது, அது அறுபடாமல் கேட்க வேண்டும். போதாததற்கு, ஒரு குரல் மூல மெட்டை முடிக்கும் முன்பே இன்னொன்று அதே மெட்டோடு குறுக்கே வந்துவிடும். இதை ஸ்ட்ரெட்டோ என்பார்கள். 27 கட்டங்களுக்குள் மூல மெட்டு 24 முறை வருகிறது. மூச்சுவிட இடமே இல்லை. கேட்பதற்கு அது பேரழகு, கடைசியில் மேல் 'சி' வரை ஏறிப்போகும் இடம் உட்பட. ஆனால் முதல் ஃபியூக்காக அது மிகக் கடினம்.

சி மைனரில் நிலைமை தலைகீழ். கடினம் முன்னால் நிற்கிறது. பிரெலூடில் இரண்டு கைகளும் ஓயாமல் ஓட வேண்டும். இடது கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் முதல் நாளே வலிக்கும். வலித்தால் நிறுத்திவிட்டு, பாதி வேகத்தில் தொடருங்கள். 28ஆம் கட்டத்தில் 'பிரெஸ்டோ' (மிக வேகம்), 34இல் 'அடாஜியோ' (மெதுவாக), 35இல் 'அலெக்ரோ' (வேகமாக) என்று பாக்கே வேகத்தைக் குறித்திருக்கிறார். ஆகவே தொடக்கத்திலேயே உச்ச வேகத்தில் போனால், பிரெஸ்டோவுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

அதைத் தாண்டினால் ஃபியூக் நம்மை அன்போடு ஏற்கிறது. மூன்றே குரல்கள், 31 கட்டங்கள். மூல மெட்டு எட்டு முறைதான் வருகிறது. ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரும்பாலும் இளைப்பாற இடம் உண்டு. மெட்டின் தாளம் ஒருமுறை கேட்டாலே மனதில் ஒட்டிக்கொள்ளும் வகை. சொப்ரானோ பதில் சொல்லத் தொடங்கும் மூன்றாம் கட்டத்தில், ஆல்டோ மேலிருந்து படியிறங்கும் ஓட்டம் ஒன்றை எடுக்கிறது. அந்த எதிர்மெட்டு பின்னர் குரலுக்குக் குரல் இடம் மாறுவதைக் காதால் பின்தொடரலாம். ஃபியூக் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

பி ஃபிளாட் மேஜர் ஜோடியைச் சிலர் சொல்வார்கள். அதன் ஃபியூக்கும் மூன்று குரல்தான், எளியது. ஆனால் பிரெலூடின் ஓட்டம் சி மைனரையும் மிஞ்சும்.

கையில் நேரம் குறைவு, பிரெலூட் மட்டும் போதும் என்றால் சி மேஜரை எடுங்கள். ஜோடியாக வாசிக்க வேண்டுமென்றால் சி மைனர். முதல் வாரம் ஃபியூக்கில் ஒவ்வொரு குரலையும் தனியாக வாசியுங்கள். ஒன்றை வாசித்து இன்னொன்றைப் பாடுங்கள். அதன் கடைசிக் கட்டங்களில் அடி 'சி' நிலைத்து நிற்க, மேலே சொப்ரானோ மூல மெட்டைக் கடைசி முறையாகச் சொல்லும். இறுதிக் கார்டில் 'ஈ ஃபிளாட்' (அரை ஸ்வரம் தாழ்ந்த 'ஈ') வர வேண்டிய இடத்தில் இயல்பான 'ஈ' வந்து, அதுவரை இருண்டிருந்த இசை மேஜரில் முடியும். அந்த 'ஈ'யை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.